நாலு வகை பாத்து வாங்க

எவன் செய்த வேலை இது? தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? யானைக்கு மட்டும் எத்தனையோ பெயரை வாரி இறைத்துவிட்டு, வீட்டுக்கு வருகிறவனைக் கூப்பிடவும் கடையில் சாமானை விலைக்கு எடுக்கவும் சேர்த்து 'வாங்க' என்று ஒரே சொல்லை வைத்துவிட்டுப் போனாயே, உனக்கு மனசாட்சி இருக்கிறதா? உன் பெயர் எனக்குத் தெரியாது. ஊரும் தெரியாது. தெரிந்திருந்தால் நேரிலேயே வந்து கேட்டிருப்பேன். முப்பது வருஷமாகக் காயலான் கடை நடத்துகிறவன் நான். ஓட்டை வாளியைக்கூட இரண்டு பேருக்கு விற்றதில்லை. நீ ஒரு சொல்லை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறாய்.

நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு யார் மேல் தப்பு என்று நீயே சொல்.

என் அக்காவைக் கட்டிக் கொடுத்த ஊர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிற சுண்டைப்பாக்கம். தெரியாமல் கொடுத்துவிட்டோம். அந்த ஊர்க்காரனிடம் 'சும்மா தலையைக் காட்டிவிட்டுப் போப்பா' என்றால், உள்ளே வரமாட்டான். ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் நீட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுவான். அப்படிப்பட்ட ஊரிலும் மற்றவர்கள் பார்த்துச் சிரிக்கிற குடும்பம் ஒன்று உண்டு. அங்கேதான் என் அக்கா வாழ்கிறாள்.

அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் ஏகாம்பரம், என் அக்கா புருஷன். நடுவில் கன்னியப்பன். கடைசி தணிகாசலம். எதையும் மூன்று பேரும் கலந்து பேசித்தான் முடிவு செய்வார்கள். தனியாக யோசித்தால் ஒரு தப்போடு போய்விடும் என்ற பயம் போலிருக்கிறது.

ஏகாம்பரத்தின் மகள் ஹேமலதாவுக்குப் பெங்களூர் மாப்பிள்ளை அமைந்தார். மாப்பிள்ளையின் அப்பா சிங்காரவேலு, ரிசப்ஷன் பெங்களூரில்தான் நடக்க வேண்டும், செலவு பெண் வீட்டுடையது என்று பிடிவாதமாக நின்றார். தாய்மாமன் என்ற முறையில் நான் போய் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் பேசினேன். இரண்டு தடவை எழுந்து வாசல் வரை போய்ச் செருப்பு மாட்டினேன். கடைசியில் மனிதர் இறங்கி வந்தார்.

"சரி, புதுச்சேரியிலேயே வச்சுக்கங்க. ஆனா என் பையனோட ஆபீஸ் சிநேகிதங்க அறுபது பேர் வருவாங்க. நாலு வகை கிராஃப்ட் பீர் இருக்கணும். ஒருத்தனும் கையில கிளாஸ் இல்லாம நிக்கக் கூடாது. நின்னா, பெங்களூர்ல இன்னொரு ரிசப்ஷன். செலவு உங்களுது."

கிராஃப்ட் பீர் என்றால் பெரிய கம்பெனி பாட்டிலில் அடைத்து அனுப்புவது அல்ல. சின்ன இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, பக்குவம் பார்த்துக் காய்ச்சுவது. புதுச்சேரியில் அப்படிக் காய்ச்சுகிற லூர்து என்பவரைப் பிடித்தேன். எனக்கு அந்த வாசனையே ஆகாது. ருசி பார்த்துத் தேர்ந்தெடுக்க நான் லாயக்கில்லை. "பெண்ணைப் பெத்தவன் நான் இருக்கும்போது நீ ஏன் மச்சான் அலையற? நாங்க போறோம்" என்றார் ஏகாம்பரம். அங்கேதான் நான் சறுக்கினேன். போனில் ஒரு வரி தட்டிவிட்டேன்.

'நாளைக்கு லூர்து இடத்துக்குப் போகணும், நல்லதா நாலு வகை பாத்து வாங்க.'

மறுநாள் சாயங்காலம் மூன்று பேரும் வெறுங்கையோடு என் கடை வாசலில் நின்றார்கள். முகத்தில் அப்படியொரு திருப்தி.

"என்ன மாமா, போன காரியம் என்னாச்சு?"

"அமோகம் மச்சான். நாலு வகையும் பாத்துட்டோம்."

"வாங்கியாச்சா?"

"வந்தாச்சே. கண்ணு முன்னால நிக்கறோமே."

"மாமா, வாங்கினீங்களா இல்லையா?"

ஏகாம்பரம் போனை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். "நீ அனுப்பினதைப் படி. நாலு வகை பாத்து வாங்க. பாத்தோம். வந்தோம். இதுல எந்த வார்த்தையை நாங்க விட்டோம்?"

படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். ஒரு வார்த்தையையும் அவர்கள் விடவில்லை. அப்புறம் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

அங்கே என்ன நடந்தது என்பதை லூர்து பிறகு போனில் சொன்னார். மூன்று பேரும் வேட்டி சட்டையில், பழம், வெற்றிலை பாக்கு, மல்லிகைப்பூ வைத்த தட்டோடு போய் இறங்கியிருக்கிறார்கள். "பீர் பார்க்க வந்திருக்கோம்" என்று ஏகாம்பரம் கைகூப்பியிருக்கிறார். லூர்து நாலு கிளாஸில் ஊற்றித் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறார்.

"இது கோதுமையில காய்ச்சினது சார்."

"கோதுமை நிறம்" என்று தலையாட்டியிருக்கிறார் கன்னியப்பன். "லட்சணமாத்தான் இருக்குது."

"இது மாம்பழம் போட்டது. இது ஐ.பி.ஏ. கொஞ்சம் கசக்கும்."

"பி.ஏ. படிச்சாலே கசக்கக் கசக்கத்தான் பேசுது. இது ஐ.பி.ஏ. படிச்சிருக்குது" என்றிருக்கிறார் ஏகாம்பரம். "நம்ம வீட்டுக்கு அடங்குமா?"

நாலாவது கறுப்பு பீர். தணிகாசலம் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "நிறம் கம்மி. குணம் எப்படிங்க?" என்று கேட்டிருக்கிறான்.

"நல்ல அழுத்தமா இருக்கும் சார்."

"அழுத்தமா!" மூன்று பேரும் ஒரே நேரத்தில் பின்வாங்கியிருக்கிறார்கள். "அழுத்தக்காரி ஆகாதுங்க. கூட்டுக் குடும்பம் எங்களுது."

லூர்து பாவம், பொறுமைசாலி. "குடிச்சுப் பாருங்க சார்" என்றிருக்கிறார். சொல்லியிருக்கக் கூடாது. உடனே ஆலோசனை ஆரம்பம்.

"குடிச்சுட்டா அப்புறம் எதைப் பாக்கறது? கிளாஸ் காலியாயிடுமே" என்றிருக்கிறார் கன்னியப்பன்.

"அப்ப பாத்துட்டுக் குடிக்கலாம்ணா" என்றிருக்கிறான் தணிகாசலம்.

"டேய், அவரு சொன்னது குடிச்சுப் பாக்க. பாத்துக் குடிக்க இல்ல. தொழில் தெரிஞ்ச மனுஷன் காரணம் இல்லாம சொல்வாரா?" என்று அதட்டியிருக்கிறார் ஏகாம்பரம்.

அரை மணி நேரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கன்னியப்பன் குடிப்பது, தணிகாசலம் பார்ப்பது. வேலை கலந்துவிடக் கூடாது என்று கன்னியப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தார். தணிகாசலம் வாயை இறுக மூடிக்கொண்டு பார்த்தான். இரண்டையும் மேற்பார்வை பார்த்தார் ஏகாம்பரம். முடிவில், குடித்தவருக்கு எது எது என்று தெரியாது. பார்த்தவனுக்கு எது எப்படி இருக்கும் என்று தெரியாது. "ஊருக்குப் போய்க் கலந்து பேசித் தகவல் சொல்றோம்" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

"அண்ணே" என்றார் லூர்து, "என் பீரை நல்லால்லேன்னு சொன்னவங்க உண்டு. நட்சத்திரம் கேட்டவங்க இவங்கதான்."

சரி, தொலையட்டும் என்று நானே போனில் பேசினேன். அந்த நாலு வகையிலும் ஒவ்வொரு பீப்பாய். மூன்று பீப்பாய்க்கு விலை, நாலாவது கொசுறு. குழாயும் ஐஸ் தொட்டியும் இலவசம். லூர்து கடைசியில் அழாத குறை. பேச்சை முடித்தபோது எனக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு பசியெடுத்தது.

ரிசப்ஷன் அன்று கடலோரத் தோட்ட மண்டபத்தில் எனக்குத் தலைக்கு மேல் வேலை. பீப்பாய்களை ஏற்றி வர மூன்று பேரையும் அனுப்பத்தான் வேண்டியிருந்தது. இந்தத் தடவை வாயில் 'வாங்க' வராமல் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னேன். "நாலு பீப்பாயையும் வண்டியில ஏத்துங்க. மண்டபத்துக்குக் கொண்டாந்து இறக்குங்க. வழியில குலுங்காம பாத்துக்கங்க."

வண்டி வந்து நின்றது. பின்னால் மூன்று பேரும் பீப்பாய்களுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"குலுங்காம வந்துச்சா?"

"நல்லாக் குலுங்குச்சு மச்சான்" என்றார் கன்னியப்பன். "ரயில்வே கேட்டுல ரெண்டு பீப்பாய் உருண்டே போச்சு. ஆனா ஒரு தடவைகூட நாங்க கண்ணை எடுக்கலை. முழுக்கப் பாத்துக்கிட்டோம்."

"பிடிச்சுக்க வேண்டியதுதானே!"

"பிடிச்சுக்கச் சொல்லலியே நீ" என்றார் ஏகாம்பரம், வருத்தத்தோடு.

குழாய் மாட்ட வந்த லூர்து பீப்பாயைத் தட்டிப் பார்த்தார். "ரொம்பக் குலுங்கியிருக்கு. முதல் கிளாஸ் வெறும் நுரையா வரும். அதைக் கொட்டிட்டு அப்புறம் குடுங்க" என்று மூன்று பேரிடமும் சொல்லிவிட்டுப் போனார். நான் அப்போது வாசலில் சம்பந்திக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தேன். என் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் மாலையை அங்கேயே போட்டுவிட்டு ஓடியிருப்பேன்.

முக்கால் மணி நேரம் போனது. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் பீர் மேஜையைச் சுற்றிக் கும்பலாக நின்றார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. மேஜைக்கு அடியில் மணல் சொதசொதவென்று நுரைத்துக் கிடந்தது. மண்டபத்து நாய் ஒன்று அதை நக்கிவிட்டு உலகத்தையே மன்னித்த முகத்தோடு படுத்திருந்தது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன்.

கன்னியப்பன் ஒரு கிளாஸ் பிடித்தார். தாடி வைத்த ஒரு பையன் கையை நீட்டினான். தணிகாசலம் கிளாஸை வாங்கி, அவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மணலில் கொட்டினான்.

"அங்கிள்! ஏன் கொட்டறீங்க?"

"இது உங்களுக்கு முதல் கிளாஸ் தம்பி. முதல் கிளாஸைக் கொட்டிடணும்."

"பீப்பாய்ல வர்ற முதல் கிளாஸை அங்கிள்!"

"யாருக்கு முதல்னு அவரு சொல்லலை" என்றார் ஏகாம்பரம். "பீப்பாய்க்கு மட்டும் மரியாதை பண்ணிட்டு உங்களை விட்டுட்டா நல்லாவா இருக்கும்? பெங்களூர்லேருந்து வந்திருக்கீங்க."

"சரி, இப்ப ரெண்டாவது குடுங்க."

கன்னியப்பன் ஊற்றினார். தணிகாசலம் வாங்கினான். நீட்டப் போனவன் கையை இழுத்துக்கொண்டான்.

"அண்ணா, இது எத்தனாவது?"

"ரெண்டாவது."

"இவரு முதல் கிளாஸே இன்னும் குடிக்கலியே. குடிக்காம ரெண்டாவது எப்படி வரும்?"

மூன்று பேரும் யோசித்தார்கள். ஏகாம்பரம் தாடையைத் தடவினார்.

"நியாயம்தான். அப்ப இதான் முதல்."

கொட்டினான்.

நான் பாய்ந்து குழாயைப் பிடித்தேன். நாலு பீப்பாயையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். கடைசி பீப்பாய் மட்டும் ஒரு ஏப்பம் விட்டது. அவ்வளவுதான். கோதுமை, மாம்பழம், கசப்பு, அழுத்தம் நாலும் மணலுக்குள் போய்விட்டன. மூன்று மணி நேரம் நான் பேசிய பேச்சும் கூடவே போய்விட்டது.

பின்னால் சிங்காரவேலு நின்றுகொண்டிருந்தார். என் மூளை அப்போதும் பேரத்தை விடவில்லை. மேஜை மேலிருந்த காலி கிளாஸ்களை வாரி அந்தப் பையன்கள் கையில் ஆளுக்கொன்றாகத் திணித்தேன்.

"பாருங்க சம்பந்தி. ஒருத்தர் கையிலயும் கிளாஸ் இல்லாம இல்லை. பேச்சு பேச்சாத்தான் இருக்குது."

"கிளாஸ்ல ஒண்ணும் இல்லையே."

"அதுக்குள்ள என்ன இருக்கணும்னு நாம பேசிக்கலையே."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கும் சுண்டைப்பாக்கம்தானா?"

என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் மூன்று பேர் பக்கமும் திரும்பி, குரலைத் தாழ்த்தி, மரியாதையாகவே சொன்னார்:

"பேசினபடிதான். இன்னொரு ரிசப்ஷன். வர்ற இருபதாம் தேதி எல்லாரும் பெங்களூர் வாங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்று பேர் முகத்திலும் ரத்தம் வற்றிவிட்டது. ஏகாம்பரம் என் தோளைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்துப் போனார்.

"மச்சான், பெங்களூர் வாங்கணுமாம்."

"முழுசாவா?" என்றார் கன்னியப்பன்.

"எல்லாரும்னு சொன்னாரே. அப்ப பங்கு போட்டுத்தான் வாங்கணும்."

"இருபதாம் தேதிக்குள்ள பத்திரம் முடியுமாண்ணா?" என்றான் தணிகாசலம். "அதுவும் பாக்காம வாங்கக் கூடாது. போன தடவை பாத்தோம், வாங்கலை. மச்சான் எப்படிக் கத்தினாரு. இந்தத் தடவை வாங்கிட்டு, பாக்காம விட்டோம்னு ஆயிடக் கூடாது."

"பேரம் பேச மச்சான் இருக்கும்போது நமக்கென்னடா கவலை" என்று ஏகாம்பரம் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "அங்க தண்ணிக் கஷ்டமாம் மச்சான். வண்டி நகரவே நகராதாம். அதையெல்லாம் சொல்லிக் குறைச்சுக் கேளு. முடிஞ்சா ஓசூரைக் கொசுறாக் கேளு."

இன்றைக்குக் காலையில் மூன்று பேரும் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, பெங்களூருக்கு அட்வான்ஸாக ஆயிரத்து ஒரு ரூபாய். அக்கா புருஷன் வாசலில் நிற்கும்போது வாய் நிறையக் கூப்பிடுவதுதான் முறை. கூப்பிட எனக்குப் பயமாக இருக்கிறது. 'வாங்க மாமா' என்றால் என் வீட்டுக்கு விலை கேட்பார்கள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன்.

உன்னைத்தான் கேட்கிறேன், அந்தச் சொல்லை இரண்டு பேருக்கு விற்றவனே. நீ எவனாக இருந்தாலும் சரி, எங்கே இருந்தாலும் சரி. இருபதாம் தேதிக்குள் வந்து, இரண்டில் ஒரு அர்த்தத்தை எடுத்துக்கொண்டு போ. வருவதற்கு ஒரு சொல், விலைக்கு எடுப்பதற்கு ஒரு சொல், தனித்தனியாகக் கொடு. ஒன்றுக்கு விலை தருகிறேன். இன்னொன்று கொசுறு.