சீட்டு விழுந்த காவல்

இசக்கி ஆராய்ச்சிக்கு வைத்திருந்த செல்கள் அவளுடைய அக்கா பேச்சியம்மாளின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்தவை. அக்காவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவை. அவள் இறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. செல்கள் இன்னும் பெருகிக்கொண்டிருந்தன.

ஒருநாள் மதியம் பேராசிரியர் ஞானசௌந்தரியிடம் இசக்கி கேட்டாள்.

“மேடம், எங்க அக்கா உடம்பு ஏன் எதிர்க்கவே இல்ல?”

“எதிர்க்கலன்னு யார் சொன்னா?”

“நானே பார்த்தேனே. கெட்டுப்போன செல்லை மேல வளரவிடாம நிறுத்துறதுக்கு ஒரு காவல் புரதம் உண்டுல்லா? இந்தச் செல்கள்ல அது இல்ல. எத்தனையோ தடவை தேடிட்டேன்.”

இசக்கி கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“கடைசி வாரம் அவகிட்டயே சொன்னேன் மேடம். நீ மனசை விட்டுட்ட, அதான் இப்படிக் கிடக்கன்னு.”

பேராசிரியர் எழுந்துபோய் ஃப்ரீசரிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்துவந்தார்.

“ரெண்டு தட்டுல செல் எடு. ஒண்ணுல மட்டும் இதை விடு. ஆறு மணி நேரம் கழிச்சு ரெண்டுக்கும் சாயம் ஏத்து. காவல் புரதம் இருந்தா பச்சையாத் தெரியணும்.”

“இது என்ன மருந்து?”

“பழசான புரதம் மேல செல் சின்னச் சின்னப் புரதங்களைச் சீட்டு மாதிரி ஒட்டும். சீட்டு வரிசையா விழுந்துட்டா அதைத் துண்டுதுண்டா அரைச்சுப்போட ஒரு மில்லு இருக்கு. இந்த மருந்து அந்த மில்லை நிறுத்தும். புதுசா எதையும் உண்டாக்காது.”

மறுநாள் காலை மைக்ராஸ்கோப்பில் முதல் தட்டு இருட்டாக இருந்தது. மருந்து விட்ட இரண்டாவது தட்டில் ஒவ்வொரு செல்லின் நடுவிலும் பச்சை ஒளி.

இசக்கி கண்ணை எடுக்கவில்லை.

“இவ்வளவும் எங்க இருந்து வந்துச்சு மேடம்?”

“எங்க இருந்தும் வரல. செல் அதை உண்டாக்கிக்கிட்டேதான் இருக்கு. இந்தப் புற்றை உண்டாக்கின வைரஸ் செல்லுக்குள்ளதான் இருக்கு; அது காவலைக் கொல்லல. சீட்டு ஒட்டுற புரதத்தைக் காவல் பக்கத்துல கொண்டுபோய் விடுது, அவ்வளவுதான். ஒட்டுறதும் அவ செல்லுதான். அரைக்கிறதும் அவ செல்லுதான்.”

“அது காவல்னு மில்லுக்குத் தெரியாதா?”

“சீட்டு இருக்கான்னு மட்டும்தான் பார்க்கும்.”

இசக்கி மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள்.

“அப்போ… நான் அவளை ஏசின அன்னைக்கு?”

“அன்னைக்கும் காவல் உண்டாச்சு.”

“செத்த அன்னைக்கு?”

ஞானசௌந்தரி நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மூச்சு நிக்கிறவரைக்கும் உண்டாகியிருக்கும், இசக்கி. சீட்டும் விழுந்துக்கிட்டே இருந்திருக்கும்.”