குளத்தில் மீன், கொடியில் பூசணி

"நான் ஊருக்குக் கிளம்புறேன் தாயே."

துணிமூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார் பேச்சிமுத்து. காய்கறி மண்டியில் காலமெல்லாம் தராசு பிடித்தவர். போன கோடையில்தான் தென்காசிப் பக்கம் மலையடிவாரத்து மடத்துக்குச் சீடராக வந்து சேர்ந்தார். மடத்தை நடத்தும் உலகம்மைத் தாயாருக்கு அவரைவிட இருபது வயது குறைவு. இருந்தால் என்ன? குரு குருதானே.

"ஏன் அண்ணாச்சி? சோறு சரியில்லையா?"

"சோறு நல்லாத்தான் இருக்கு. திங்கத்தான் கூச்சமா இருக்கு. இங்க நான் தண்டச்சோறு."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லணுமாக்கும்! ஒருத்தர் சமைக்காரு, ஒருத்தர் வைத்தியம் பாக்காரு. எங்கிட்ட குளத்தையும் பூசணித் தோட்டத்தையும் குடுத்தீங்க. கொடி படருது, பூவும் பூக்குது. பிஞ்சு மட்டும் வெம்பி விழுந்துருது. சமையலுக்கு ஒத்தக் காய் குடுத்திருப்பேனா?"

சொல்லிக்கொண்டே தோட்டத்தைக் கையால் காட்டினார்.

தாயார் பூசணித் தோட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை. குளத்தைப் பார்த்தார்.

"குளம் பளிச்சுன்னு இருக்கே."

"தூர் வாரினது நானாச்சே!" பேச்சிமுத்துவுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. "தட்டான் எப்படிப் பறக்குது பாருங்க. முன்னெல்லாம் இத்தனை கிடையாதாம்."

"மீனெல்லாம் எங்க?"

"கோடையில தண்ணி வத்திப்போச்சு. வாயைப் பொளந்துக்கிட்டு கிடந்துச்சு, பாவம். குடத்துல அள்ளிட்டுப் போய் ஊர்க் குளத்துல விட்டுட்டேன்."

"திரும்பக் கொண்டாந்து விட்டுருங்க. ஒரு விதைப்பு பாத்துட்டு அப்புறம் போகலாம்."

நல்லா இருக்கே கதை! பூசணி காய்க்க வழி கேட்டால் மீனைப் பிடித்துவரச் சொல்கிறார். 'இந்த அம்மாவுக்கு என்னமோ ஆயிட்டு' என்று முணுமுணுத்துக்கொண்டே போனார் பேச்சிமுத்து. குடத்தில் கெண்டைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார். புது விதையும் ஊன்றினார்.

அப்புறம் வேறென்ன வேலை? கரையில் உட்கார்ந்தார்.

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு புழு கோரைத் தண்டில் ஏறியது. அதன் முதுகு வெடித்து, உள்ளேயிருந்து ஒரு தட்டான் வெளியே வந்தது.

"அட, நீ தண்ணிக்குள்ள இருந்துதான் வாறியா!"

இன்னொரு புழு கோரைக்கு வந்து சேரவே இல்லை. கெண்டை அதை லபக்கென்று விழுங்கிவிட்டது.

இந்தப் பக்கம் ஒரு தேனீ பூசணிப் பூவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு தட்டான் பாய்ந்து வந்து அதை அந்தரத்திலேயே கவ்விக்கொண்டு போனது.

பேச்சிமுத்து உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது கூட அவர் காதில் விழவில்லை.

நாளாக நாளாகக் குளத்தின்மேல் தட்டான்கள் குறைந்தன. பூசணிப் பூவுக்குள் ஒரே ரீங்காரம். பிஞ்சு உதிரவில்லை.

முதல் காயைத் தோளில் சுமந்துகொண்டு ஓடிவந்தார்.

"தாயே! மீன் புழுவைத் தின்னுது! புழு போனா தட்டான் இல்ல! தட்டான் இல்லேன்னா தேனீ பொழைச்சுக்கிடுது! தேனீ வந்தா..." மூச்சு வாங்கியது. காயைத் தட்டிக் காட்டினார். "அடப்பாவி, இரக்கப்பட்டு மீனை எடுத்தது நானில்லா! எந்தோட்டத்தை நானே காய்க்க விடாமப் பண்ணிருக்கேன்!"

தாயார் வாய்விட்டுச் சிரித்தார். பேச்சிமுத்துவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அடுப்படியில குடுங்க. கூட்டு வைக்கச் சொல்லுங்க."

மடமே உட்கார்ந்து கூட்டைச் சாப்பிட்டது. தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, அமிர்தமாக இருந்தது. ஆனால் தராசு பிடித்த கை சும்மா இருக்குமா?

"தாயே, இந்தக் காயில மீனோட பங்கு எவ்வளவு? எடை போட்டுப் பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

"அதான் போட்டுட்டீங்களே."

"நானா? எப்ப?"

"மீன் இல்லாம ஒரு விதைப்பு. மீனோட ஒரு விதைப்பு."

பேச்சிமுத்து விரலைச் சப்பிக்கொண்டே யோசித்தார். யோசித்தவர் முகம் மறுபடியும் சுண்டிப்போனது.

"சரி தாயே. இந்த மடத்துல என் பங்கு எவ்வளவு?"

தாயார் எழுந்தார். அன்றைக்குக் கட்டிய துணிமூட்டை கட்டு அவிழாமல் மூலையிலேயே கிடந்தது. அதை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். வாசல் படலைத் திறந்து பிடித்தார்.

"போங்க அண்ணாச்சி. நீங்க இல்லாம இங்க என்னென்ன காய்க்காமப் போகுதுன்னு பாத்துருவோம்."

பேச்சிமுத்து படலுக்கு வெளியே பார்த்தார். அங்கேயே உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தார்.