இஸ்திரி வண்டிக்கு வந்த வரி

கீழத்தெருவில் இஸ்திரி வண்டி போட்டிருந்த வெள்ளத்தாய், காற்றாடி சுற்ற ஒரு சோலார் தகட்டை குஜராத்தில் இருக்கிற ஒரு கடையில் போனிலேயே ஆர்டர் போட்டாள். பில்லில் இருந்த வரியோடு பணம் கட்டி வாங்கி, வண்டிக் கூரையில் மாட்டினாள்.

அது வரி ஆபீசர் ஆவுடையப்பன் கண்ணில் பட்டுவிட்டது. மனுஷனுக்கு எதிர்வீடுதான். ஆனாலும் ஜீப்பில்தான் வந்து இறங்கினார்.

"வெளிமாநிலச் சரக்கா? இங்கேயும் வரி கட்டணும். இல்லேன்னா தகடு ஜீப்புல ஏறிடும்!"

"வாங்கும்போதே கட்டிட்டேனே ஐயா."

"அது அங்கே. இது இங்கே!" கூட்டம் சேரச் சேர அவர் குரலும் ஏறியது.

"எல்லாருக்கும் அப்படித்தானா ஐயா?"

"என் வீட்டுக்கே வந்தாலும் அப்படித்தான்!"

பூட்டிக்கிடக்கிற வீட்டுப் பார்சலையெல்லாம் டெலிவரிக்காரர்கள் வெள்ளத்தாயிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவள் குனிந்து, வண்டிக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பெட்டியை இழுத்தாள். அதன் மேல் சோலார் விளக்குப் படம் போட்டிருந்தது.

"காலையில உங்க பேருக்கு ராஜஸ்தான்லேர்ந்து வந்துச்சு ஐயா. முதல்ல இதை ஜீப்புல ஏத்துங்க."

ஆபீசர் பதறிப்போனார். "ஏம்மா, இதுக்குப் பில்லுலயே வரி பிடிச்சுட்டான்! ஒரே பொருளுக்கு எவனாவது ரெண்டு தடவை கட்டுவானா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

வெள்ளத்தாய் பெட்டியை அவர் கையில் ஏற்றிவைத்தாள். "இதையே நான் சொன்னப்போ எடுபடலை ஐயா. பார்த்துத் தூக்கிட்டுப் போங்க. எதிர்வீட்டுக்கு ஜீப் எதுக்கு?"