சிலேட்டில் எழுதிய சைபர்

சேலத்தில் ஒரு நடைப்பள்ளி இருந்தது. பக்கவாதத்தில் விழுந்தவர்கள் அங்கே மறுபடி நடக்கக் கற்றார்கள். விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிரெட்மில்லில் ஏறினால், நின்ற இடத்திலேயே கால் நடக்கும்; கண்ணுக்குள் கடைவீதி விரியும். கண் ஒன்றைச் சொல்லும், உடம்பு வேறொன்றைச் சொல்லும். சிலருக்குக் குடலைப் பிரட்டும்.

பள்ளியின் ஆசிரியை அமலோற்பவம். அவரிடம் தொழில் கற்க வந்தவர் தணிகைவேல், ஆசிரியையைவிட ஆறு வயது மூத்தவர். இருபது வருடம் கொல்லிமலை பஸ் ஓட்டி, முதுகு மக்கர் பண்ணியதும் இறங்கியவர். எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் அசையாத மனுஷனுக்கு, டிரெட்மில்லில் மூன்றாம் நிமிடமே தலை கிறுகிறுத்தது. யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் மானமும் போகும், வேலையும் போகும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கண்ணாடிக்குள் வரும் புதுப் பாதை எதுவானாலும் முதலில் தணிகைவேல் நடந்து பார்க்க வேண்டும். எவ்வளவு தலை சுற்றியது என்று பத்துக்கு ஓர் எண்ணைச் சிலேட்டில் எழுதி டிரெட்மில்லில் மாட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஆசிரியை வேகத்தைத் திருத்துவார்.

ஒரு மாதமாக அவர் எழுதியதெல்லாம் சைபர். ஏறுவதற்கு அரை மணி முன்னால் வாந்தி மாத்திரை ஒன்றை விழுங்கிவிடுவார். சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் வேறு.

அன்று புதிய கடைவீதியில் நடந்தவர் மெகருன்னிசா, பக்கவாதம் வரும்வரை சத்துணவுக் கூடத்தில் சமைத்தவர். இரண்டாவது திருப்பத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். இடுப்புப் பட்டை தாங்கியதால் விழவில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு சிலேட்டைப் பார்த்தார்.

"சைபர்னு போட்டிருக்கே தம்பி. அப்ப கோளாறு எனக்குத்தான். இந்த உடம்பு இனி தேறாது. நாளையிலேர்ந்து நான் வரல."

தணிகைவேல் நேரே ஆசிரியையிடம் போய் மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார்.

ஆசிரியை திட்டவில்லை.

"நானும் சிலேட்டைத்தான் பார்த்தேன், உங்க முகத்தைப் பார்க்கல" என்றார். பிறகு, "மலைப்பாதையில உங்களுக்குத் தலை சுத்துமாண்ணே?" என்று கேட்டார்.

"சுத்தாது டீச்சர். ஸ்டியரிங் நம்ம கையில இருக்குல்ல."

"பின்னாடி உக்காந்தவங்களுக்கு?"

"பாதிப் பேருக்கு வாந்திதான்."

"எப்ப வேகத்தைக் குறைப்பீங்க?"

"ஜன்னல் ஷட்டரைத் தூக்குற சத்தம் கேட்டதும்."

"கேக்கலைன்னா?"

தணிகைவேல் எலுமிச்சம்பழத்தையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

மறுநாள் ஆசிரியை மெகருன்னிசாவின் வீட்டுக்கே ஆட்டோ அனுப்பி, கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தார். நாற்காலி போட்டு டிரெட்மில்லுக்கு எதிரே உட்காரவைத்தார்.

தணிகைவேல் வெறும் வயிற்றில், மாத்திரை போடாமல் ஏறினார். அதே கடைவீதி. முதல் திருப்பத்தில் வியர்த்தது. இரண்டாவது திருப்பத்தில் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு வாளியை நோக்கி ஓடினார்.

திரும்பி வந்து சிலேட்டில் எட்டு என்று எழுதினார்.

"அக்கா, நேத்து நான் எழுதினது பொய். என்னை மன்னிச்சிடுங்க."

மெகருன்னிசா எட்டைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். "அடப்பாவி, அப்ப என் உடம்பு மேல தப்பில்லையா?" என்றவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஆசிரியை திருப்பங்களின் வேகத்தைப் பாதியாக்கினார். மெகருன்னிசா அன்று கடைவீதியின் கடைசி வரைக்கும் போனார்.

எல்லாரும் போனபின் தணிகைவேல் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து நின்றார்.

"டீச்சர், ஒண்ணு மறைச்சுட்டேன். வேலைக்கு ஆள் எடுத்தீங்களே, அன்னிக்கே கண்ணாடி மாட்டி நடந்ததும் பின்பக்கம் போய் வாந்தி எடுத்துட்டுத்தான் வந்தேன். தெரிஞ்சிருந்தா என்னை எடுத்திருக்க மாட்டீங்க."

அமலோற்பவம் சிலேட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அன்னிக்குப் பதினோரு பேர் நடந்தாங்க. பத்துப் பேருக்கு ஒண்ணுமே ஆகல. அவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டேன்."