மலையைச் சாய்க்கப் போன தானாபதி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, ஒரு பெரிய மலைத்தொடருக்குக் கிழக்கே இருந்த சீமையைச் செங்கழுநீர் ராசா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதுதான் வழக்குகளை விசாரிப்பார். மற்ற நாட்களில் வழக்கு என்றாலே அவருக்குத் தூக்கம் வந்துவிடும்.

மலை உச்சியில் காவல் இருந்தவள் சடைச்சி. அவள் அனுப்பிய தேனை ராசா சபையில் வாயாரப் புகழ்ந்தார். ராசாவுக்கு யோசனை சொல்லும் தானாபதி மருதப்பருக்கு வயிறு எரிந்தது. நேரம் பார்த்து ராசாவின் காதைக் கடித்தார்.

“மகாராசா, நம் மலையில் பெய்கிற மழையில் பாதி மேற்கே இறங்கி, அடுத்த ராசாவின் சீமையில் ஆறாக ஓடுகிறது. எல்லாம் சடைச்சி வேண்டுமென்றே திருப்பிவிடுவதுதான்.”

அவ்வளவுதான். “என் மழை என்னைக் கேட்காமல் எப்படி மேற்கே போகலாம்?” என்று ராசா குதித்தார். சடைச்சியைக் கட்டி இழுத்துவந்தார்கள். ராசா மணையில் உட்கார்ந்து, தலை நிறைய எண்ணெயும் கை நிறையச் சீயக்காயுமாகத் தீர்ப்புச் சொன்னார்: “நான் குளித்து முடிப்பதற்குள் மேற்கே போன தண்ணீரைக் கிழக்கே வரவழை. இல்லாவிட்டால் உன் தலை போகும்.”

சடைச்சி என்ன செய்வாள்? பாவம், மழையை அவள் கயிறு கட்டியா இழுக்க முடியும்? பாக்கி இருந்ததோ ஒரே ஒரு அண்டாத் தண்ணீர். அதையே வெறித்துப் பார்த்தவள், “மகாராசா, கடைசியாக ஒரு சொம்பு நான் ஊற்றட்டுமா?” என்றாள்.

“ஊற்று. சூடு பார்த்து ஊற்று.”

சரியாக உச்சந்தலையில் ஊற்றினாள். பாதி இடது காதுப் பக்கமும் பாதி வலது காதுப் பக்கமும் வழிந்தது.

“மகாராசா, இடப்பக்கம் போகிற தண்ணீரை வலப்பக்கம் வரச் சொல்லுங்கள்.”

ராசா உத்தரவு போட்டார். அதட்டினார். அடுத்த சொம்பும் அப்படியேதான் பிரிந்து வழிந்தது. “என் தலைத் தண்ணீர் எனக்கே அடங்கவில்லையே” என்று மலைத்துப்போனார்.

“மலை முதுகும் அப்படித்தான் மகாராசா. ஒரே மேகம்தான். முதுகுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளி விழுந்த துளி மேற்குக் கடலுக்குப் போகும். இந்தப் பக்கம் விழுந்தது நம் ஆற்றில் சேர்ந்து கிழக்குக் கடலுக்குப் போகும். இதில் நான் திருப்பிவிட என்ன இருக்கிறது?”

மருதப்பர் விடுவாரா? “தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் சாயுங்கள் மகாராசா” என்றார். ராசா சாய்த்தார். தண்ணீர் மொத்தமும் வலப்பக்கமே இறங்கியது. “பார்த்தீர்களா? மனசு வைத்தால் முடியும்” என்று மீசையை முறுக்கினார்.

“வாஸ்தவம்தான் ஐயா. அப்படியே மலையையும் கொஞ்சம் சாய்த்துக் கொடுங்கள். தண்ணீரை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

ராசா சிரிக்கப் போனார், முடியவில்லை. கழுத்து சாய்ந்தபடியே பிடித்துக்கொண்டது. அந்த வலியோடு தீர்ப்பை மாற்றினார். சடைச்சிக்குத் தலையும் தப்பியது, பட்டுச்சேலையும் கிடைத்தது. மருதப்பருக்கோ மலையைச் சாய்க்கிற உத்தியோகம்.

மறுநாள் முதல் மருதப்பர் மேற்குச் சரிவில் நின்று மலையைத் தள்ளினார். மழை பெய்தால் அவர் காலை நனைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டுக்கு மேற்கே ஓடும். ஒரு நாள் கஞ்சி கொண்டுவந்த சடைச்சி, “எவ்வளவு சாய்ந்தது ஐயா? ராசா கேட்டனுப்பியிருக்கிறார்” என்றாள்.

மருதப்பர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கைகூப்பினார். “ஒரு நெல்லளவு சாய்ந்ததென்று நீயே சொல்லிவிடு, தாயே.”