வாயைக் கட்டிக்கொண்ட மந்தி

நரியின் கத்தரித் தோட்டத்தில் ஒரு மந்தியும் ஒரு தவளையும் பூச்சி மருந்து அடித்துக்கொண்டிருந்தன. தவளை பானைக்குள் இறங்கிக் காலால் மருந்தைக் கலக்கும். மந்தி அதில் வேப்பங்கொத்தை நனைத்துச் செடிகள்மேல் உதறும். நரி என்ன செய்யும்? காற்று வருகிற பக்கமாகப் போய் மேட்டில் உட்கார்ந்துகொள்ளும். அதற்குத் தெரியாததா!

"இது பொல்லாத மருந்தாச்சே முதலாளி. எங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று காலையிலேயே மந்தி கேட்டது.

"வாய்க்குள்ளே போனாத்தானே ஆகும்? வாயை இறுக்கிக் கட்டிக்கோ" என்றது நரி.

இரண்டும் இலையால் வாயைக் கட்டிக்கொண்டன. மந்திக்கு உள்ளூரப் பயம்தான். பால் குடிக்கிற குட்டி மரத்தில் காத்திருக்கிறதே, தனக்கு ஏதாவது ஆனால் அதற்கு யார் இருக்கிறார்கள்? கட்டுதான் இறுக்கமாக இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டது. மருந்து கைவழியே வழிந்து மார்பு ரோமத்தில் ஊறியது. அதை அது பெரிதாக நினைக்கவில்லை.

பொழுது சாய்ந்தபோது பானையில் சத்தம் நின்றது. மந்தி எட்டிப் பார்த்தது. தவளை மல்லாந்து கிடந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாய்க்கட்டு அவிழவே இல்லை.

மந்தி அதை வெளியே எடுத்துக் கட்டை அவிழ்த்தது. "தம்பி, ஒரு சொட்டுகூட நீ குடிக்கலையே! எப்படி உள்ளே போச்சு?"

"அக்கா..." தவளை முனகியது. "நான் என்னிக்கு வாயால தண்ணி குடிச்சேன்? தாகம் எடுத்தா என் தோல்தானே குடிக்கும். பாழாப்போன புத்திக்கு அது தோணலையே."

அதோடு அதன் மூச்சு அடங்கியது.

மந்தி குனிந்து தன் மார்பைப் பார்த்தது. நசநசவென்று நனைந்திருந்தது. தோல் காந்தியது. அப்போதுதான் "அம்மா!" என்று குட்டி மரத்திலிருந்து இறங்கி ஓடிவந்தது. வந்ததும் அது மார்பைத்தான் கட்டிக்கொள்ளும். வாயையும் அங்கேதான் வைக்கும்.

"கிட்ட வராதே!"

மந்தி அலறிக்கொண்டு ஓடியது. அம்மா விளையாடுகிறாள் என்று குட்டி இன்னும் வேகமாகத் துரத்தியது. பெற்ற பிள்ளைக்குப் பயந்து இப்படி ஓடிய தாய் அந்தக் காட்டில் வேறு கிடையாது. குட்டி தாவ எழும்பியது. மந்தி ஆற்றில் குதித்தது.

குட்டி கரையில் நின்று கேவிக் கேவி அழுதது. மந்தி கழுத்தளவு தண்ணீரில் உடம்பை அலசிக்கொண்டே இருந்தது. நடுநடுவே கையை முகர்ந்து பார்க்கும். வாடை போனது போலவும் இருக்கும், போகாதது போலவும் இருக்கும். குட்டிக்கோ பசி. இருட்டிய பிறகும் கரையேற மந்திக்குத் தைரியம் வரவில்லை.

பூச்சி மருந்து தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும் என்பதால், அதை அடிப்பவர்கள் உடம்பு முழுவதையும் மூடிக்கொள்ள வேண்டும், குளித்து உடை மாற்றும்வரை பிள்ளையைத் தொடக்கூடாது.