கிரீடத்தோடு ஆற்றில் இறங்கிய ராஜா

முன்னொரு காலத்தில் பூம்பாளூர்ச் சீமையைக் கெம்பராஜன் என்றொரு ராஜா கட்டி ஆண்டார். நல்ல மனுஷன்தான், கோபம் மட்டும் மூக்கின் நுனியில் உட்கார்ந்திருக்கும். ராத்திரியில் தனக்குத் தூக்கம் வருகிறது என்று, விடிய விடிய ஆடுகிற தெருக்கூத்தையே பட்டப்பகலில் அரண்மனை முற்றத்தில் ஆட வைத்தவர்.

அன்றைக்கு எல்லப்ப வாத்தியார் கட்டிய மணிகேது ராஜன் கூத்து. வெள்ளத்தில் இறங்காதே என்று ஓடக்காரன் தடுத்தும் கேளாமல், தலைக் கிரீடத்தைக்கூடக் கழற்றாமல், ஆற்றில் இறங்கி மூழ்கிப்போகிற ராஜாவின் கதை. மணிகேது செத்ததும் கெம்பராஜன் தேம்பித் தேம்பி அழுதார். கண்ணைத் துடைத்ததும் கோபம் வந்தது.

"இப்பேர்ப்பட்ட ராஜாவைக் கொன்றது யார்?"

பிரதானி நாகலிங்கம் இதற்குத்தான் காத்திருந்தார். தனக்கு வரவேண்டிய பட்டுச் சால்வை வாத்தியார் தோளுக்குப் போனதிலிருந்து அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல். "கதை கட்டியவன்தானே பிரபு கொன்றவன்? ராஜாவைக் கொன்றவனுக்கு என்ன தண்டனை என்று தாங்கள் அறியாததா!"

"எடுங்கள் அவன் தலையை!"

வாத்தியாரைத் தூணில் கட்டினார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தான் கட்டியங்காரன் குப்பாண்டி. கூத்தில் கோமாளியாக வந்து ராஜா வேஷத்தையே கேலி செய்கிற உரிமை அவனுக்கு உண்டு. வாத்தியார் அவனுக்குத் தாய்மாமன், பெண் கொடுத்த மாமனாரும்கூட. அழுதால் காரியம் ஆகாது என்று முன்னால் போய் விழுந்தான்.

"சாமி, மாமா கட்டுனது தப்புன்னா திருத்திடலாம். மணிகேது வேஷத்தைத் தாங்களே கட்டுங்க, நான் ஓடக்காரன். பழைய வசனம் ஒண்ணும் வேணாம், வாயில வந்ததைப் பேசுங்க. மணிகேது பிழைச்சுட்டான்னா கொன்னது மாமாதான்னு அவர் தலையோட என் தலையையும் சேத்து எடுத்துக்குங்க."

"பிழைக்க எனக்குத் தெரியாதா?" என்று ராஜா குஷியாக எழுந்தார். மரக் கிரீடம் ஏறியது, முகத்தில் அரிதாரம் ஏறியது. இரண்டு பேர் நீலத் துணியைப் பிடித்து ஆட்டினார்கள். அதுதான் ஆறு.

"ராஜா, வெள்ளம் கரை புரளுது. நாளைக்குப் போலாம்" என்றான் குப்பாண்டி.

"சரி, நாளைக்கே போகிறேன்" என்று ராஜா திரும்பி நடந்தார். தூணில் இருந்த வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். ஆனாலும் கோமாளி நாக்கு சும்மா கிடக்குமா? குப்பாண்டி சபையைப் பார்த்துத் திரும்பினான்.

"பாத்தீங்களா சனங்களே! கொலுவில புலி, ஆத்தங்கரையில பூனை!"

சபை கொல்லென்று சிரித்தது. "எங்கள் பிரபுவா பயப்படுவார்? கடலையே தாண்டுவார்!" என்று நாகலிங்கம் கத்தினார்.

ராஜா திரும்பி வந்தார். "யாருடா பூனை?" துணிக்குள் கால் வைத்தார்.

"ஆழம் தெரியாம கால விடாதீங்க சாமி. ஓடம் கொண்டாறேன்."

"ஓடமா? எனக்கா?"

"ஆகா!" என்றார் நாகலிங்கம். துணி இடுப்புக்கு ஏறியது.

"கிரீடத்தையாவது கழட்டிக் குடுங்க, கனம் உள்ள இழுக்கும்!"

"பூம்பாளூர் ராஜா கிரீடத்தைக் கழற்றி எவன் கையிலடா கொடுத்திருக்கிறான்?"

"ஆகா! ஆகா!" என்றார் நாகலிங்கம்.

துணி கழுத்துக்கு ஏறி, தலையையும் மூடியது. மத்தளம் நின்றது. துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"குப்பாண்டி... நான் செத்துட்டேனா?"

"செத்துட்டீங்க சாமி."

"எவன் கொன்னான்?"

"அதுதான் புரியல சாமி. மாமா தூணுல கட்டிக் கிடக்காரு, ஒரு வரி கட்டல. ஆத்துல சொட்டுத் தண்ணிகூட இல்ல, வெறும் துணி."

துணி மெல்லக் குலுங்கியது. ராஜா சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, தன் கையாலேயே வாத்தியாரின் கட்டை அவிழ்த்தார். மரக் கிரீடத்தைக் கழற்றிக் குப்பாண்டி கையில் கொடுத்து, இதன் எடைக்குத் தங்கம் கொடுங்கள் என்றார்.

பிறகு பிரதானியைப் பார்த்தார். "இறங்கினவன் நான்தான். கரையில் நின்று 'ஆகா' போட்டவர் நீர். இனிமேல் எனக்கு நீர்தான் ஓடக்காரர். ஆகாத காரியத்துக்கு நான் கிளம்பினால், 'வேண்டாம்' என்று நீர் தடுக்க வேண்டும்."

மறுநாள் காலைப் பந்தியில் ராஜா ஏழாவது அதிரசத்தை எடுத்து, நாகலிங்கத்தைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகாத 'வேண்டாம்' பிரதானிக்கு வாயில் வரவில்லை.

ராஜா அதிரசத்தைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"விடும். நானே சொல்லிக்கொள்கிறேன்" என்று கை கழுவப் போனார்.